உறையாத குருதி எழுதிய வரலாறு

ஒலிவ மலையில் ஆண்டவர் இயேசு உற்ற வேதனையை விவரிக்கும் நற்செய்தியாளர் லூக்கா, அவருடைய வியர்வை நிலத்தில் விழுந்த விதத்தைச் சொல்லுமிடத்து ஓர் அரிய கிரேக்கச் சொல்லைக் கையாள்கிறார் (லூக்கா 22:44). புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத அச்சொல் 'த்ரோம்போய்' என்பது. புனித எரோணிமுஸ் இலத்தீனில் அதனைத் 'துளிகள்' என்று பெயர்த்தார். நம் தமிழ் மொழிபெயர்ப்புகளும் துளிகள் என்றே கொண்டன. ஆனால் கிரேக்க வழக்கில் 'த்ரோம்போஸ்' என்றால் திரண்ட கட்டி. சிறப்பாக, உறைந்த குருதியின் கட்டி. ஈஸ்கிலஸ் தம் நாடகமொன்றில் அரசி கண்ட தீக்கனவைச் சொல்லும்போது, அவள் மார்பில் பாலருந்திய பாம்பு பாலோடு சேர்த்து இழுத்த குருதிக் கட்டிக்கும் இதே சொல்லைத்தான் இட்டார். லூக்காவை மருத்துவர் என்று மரபு கூறுகிறது. (பழம் பிரதிகள் சிலவற்றில் இந்த வசனங்கள் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) இன்று மருத்துவமனைகளில் 'த்ராம்போசிஸ்' என்றும் 'த்ராம்பின்' என்றும் நாம் கேட்கும் பெயர்களுக்கெல்லாம் வேர், ஒலிவ மலைக் காட்சியில் வரும் அந்தச் சொல்லேயாகும்.

தமிழோ பாலுக்கும் குருதிக்கும் ஒரே வினையை வைத்திருக்கிறது. பால் உறைகிறது, குருதியும் உறைகிறது. தாய் தன் கருப்பையில் உருவானதைப் பால் கட்டியாக உறைவதற்கு ஒப்பிட்டுப் புலம்பிய யோபுவும் (யோபு 10:10) இந்த ஒப்புமையை அறிந்திருந்தார். ஆனால் பால் உறைவதற்கு நாம் வெளியிலிருந்து பிரைமோர் ஊற்ற வேண்டும். குருதிக்குப் பிரை ஊற்றுபவர் யார்? உடலுக்குள் எழுபது எண்பது ஆண்டுகள் நீராகவே ஓடும் ஒன்று, விரல் கீறிய இடத்தில் மட்டும் சில நிமிடங்களில் கட்டியாவது எங்ஙனம்? கட்டியானதும் அது உடலெங்கும் பரவாமல் கீறலோடு நின்றுவிடுவது எங்ஙனம்?

இவ்வினாக்களுக்கு விடை கண்ட வரலாற்றை மருத்துவ நூல்கள் மேதைகளின் வரிசையாகச் சொல்கின்றன. அவ்வரிசையில் தவறில்லை. எனினும் விடையின் பெரும்பகுதி, குருதி உறையாமையால் துன்புற்ற எளிய மனிதர்களின் உடலிலிருந்தே படித்தறியப்பட்டது. பூட்டு நன்றாக வேலை செய்யும்வரை அதன் உள்ளமைப்பை எவரும் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே இக்கட்டுரையில் மேதைகளுக்கு ஓரளவும், அந்த மனிதர்களுக்குச் சற்று மிகுதியாகவும் இடந்தர விரும்புகிறோம்.

நாசரேத்திலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் செப்போரிஸ் என்ற ஊர் இருந்தது. புனித சுவக்கினும் அன்னாவும் வாழ்ந்த ஊர் அதுவே என்று நம்மிடையே ஒரு பழைய மரபும் உண்டு. அவ்வூரின் நான்கு சகோதரிகளைப் பற்றி யூதர்களின் தால்முது ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளது. மூத்தவள் தன் மகனுக்கு விருத்தசேதனம் செய்வித்தாள்; குழந்தை இறந்தது. இரண்டாமவள் செய்வித்தாள், அவள் குழந்தையும் இறந்தது. மூன்றாமவளுக்கும் அவ்வாறே நேர்ந்தது. நான்காமவள் தன் குழந்தையோடு இரபி சிமியோன் பென் கமாலியேலிடம் வந்து நின்றாள். இது கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. 'இவனுக்குச் செய்ய வேண்டாம்' என்பதே அவருடைய தீர்ப்பு.

அத்தீர்ப்பின் கனத்தை விவிலியம் பயின்ற நம் வாசகர்கள் உணர்வார்கள். விருத்தசேதனம் பெறாதவன் மக்களினின்று விலக்கப்படுவான் என்பது தொடக்கநூல் 17-ஆம் அதிகாரத்தின் கட்டளை. ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமே அதுதான். அந்த அடையாளத்தையே ஒரு குழந்தையின் உயிருக்காக அந்த ஆசிரியர் ஒதுக்கி வைத்தார். மருத்துவ நோக்கில் இன்னொன்றும் இதில் புதைந்துள்ளது. இறந்த மூன்று குழந்தைகளின் தந்தையரும் வெவ்வேறானவர், தாய்மார்தாம் உடன்பிறந்தவர்கள். அப்படியாயின் இக்கேடு தாய்வழியாக வருகிறது என்பதை அத்தீர்ப்பு தெரிந்து வைத்திருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில், மருத்துவரும் இறையியலாருமான மைமோனிதெஸ், ஒரே தாய் வேறு வேறு கணவர்களுக்குப் பெற்ற ஆண் குழந்தைகளுக்கும் இவ்விதி பொருந்தும் என்று விரித்துரைத்தார். ஹீமோஃபீலியா என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, நான்கு தாய்மாரின் கண்ணீர் அதன் வழிமுறையை எழுதி வைத்துவிட்டது.

ஆயினும் குருதி எவ்வாறு உறைகிறது என்பதை அக்காலத்தார் அறியவில்லை. குருதியில் நார்கள் உள்ளன என்றும், அவற்றை எடுத்துவிட்டால் அது உறையாது என்றும் அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். அது வியக்கத்தக்க நோக்கு. ஆனால் உறைவதற்குக் காரணம் குளிர்ச்சி என்று அவர் சொன்னதைத்தான் உலகம் இரண்டாயிரம் ஆண்டுகள் பற்றிக்கொண்டது. சூடான உடலை விட்டு வெளியேறும் குருதி ஆறுகிறது, அதனால் இறுகுகிறது என்ற விளக்கம் யாருக்கும் போதுமானதாகவே தோன்றியது.

இத்தாலியரான மர்ச்செல்லோ மல்பீகி 1661-இல் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டு, குருதிச் சுற்றோட்டத்தில் விடுபட்டிருந்த கண்ணியை இணைத்தவர். 1666-இல் அவர் இன்னொரு சிறு நூல் வெளியிட்டார். இறந்தோரின் இதயத்தைத் திறக்கும்போது உள்ளே வெண்மையான சதைத் திரள்கள் காணப்படுவதுண்டு. அவை இதயத்தில் வளர்ந்த கட்டிகள் என்று மருத்துவர்கள் நினைத்தனர். மல்பீகி உறைந்த குருதிக் கட்டியொன்றை எடுத்து, சிவப்பு நிறம் முற்றும் நீங்கும்வரை நீரில் மீண்டும் மீண்டும் அலசினார். எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வெண்ணிற இழைகளால் பின்னிய வலை ஒன்று தெரிந்தது. இதயத்தில் காணப்பட்டவையும் அதே பொருள்தாம். குருதிக் கட்டி என்பது வெறும் கெட்டிப்பட்ட நீர்மமல்ல, அமைப்புடைய ஒரு நெசவு என்பதை மனிதக் கண் முதன்முதலில் கண்டது அன்றுதான். இவர் 1691-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்டின் மருத்துவராக உரோமைக்கு அழைக்கப்பட்டார்; பக்கவாதம் தாக்கி 1694-இல் அங்கேயே இறந்தார்.

குளிர்ச்சிக் கொள்கையை வீழ்த்தியவர் இலண்டன் மாநகரில் உடற்கூறு கற்பித்த வில்லியம் ஹியூசன். குருதியைக் குளிர வைத்தால் உறைதல் விரைவதற்கு மாறாகத் தாமதப்படுவதைச் சோதனையில் காட்டினார். சில உப்புகளைக் கலந்து குருதியை நீராகவே வைத்திருந்து, சிவப்பணுக்கள் அடியில் படிந்தபின் மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் எடுத்தார். அதில் தண்ணீர் சேர்த்து உப்பின் செறிவைக் குறைத்ததும் அது தானே உறைந்தது. ஆக, உறையும் பொருள் சிவப்பணுவில் இல்லை, பிளாஸ்மா எனப்படும் நீரில் உள்ளது என்பது உறுதியாயிற்று. அவருடைய நூல் 1771-இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில், பிணத்தை அறுக்கும்போது தம் உடலில் பட்ட ஒரு சிறு காயம் நஞ்சாகி, 34-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பிரைமோர் கேள்விக்கு வருவோம். 1845-இல் கிளாஸ்கோ நகரின் ஆண்ட்ரூ புக்கானன், தானாக உறையாத ஒருவகை உடல்நீரில், கழுவிய குருதிக் கட்டியின் துண்டொன்றைப் போட்டபோது அந்நீர் உறைவதைக் கண்டார். நம் இல்லங்களில் நேற்றைய தயிரின் ஒரு கரண்டி இன்றைய பாலை உறைய வைப்பதற்கு இது எவ்வளவு நெருங்கியது! அக்கட்டியில் ஒட்டியிருந்த 'பிரை' எது என்பதை டோர்பாட் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஷ்மிட் 1861 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்தார். (அந்நகர் இன்று எஸ்தோனியா நாட்டில் டார்ட்டு என்று வழங்குகிறது.) அதற்கு த்ராம்பின் என்று பெயர் வந்தது. குருதியில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை, மல்பீகி கண்ட இழையான ஃபைப்ரினாக மாற்றுவது அதுவே. ஆனால் பிரை எப்போதும் பாலிலேயே கலந்திருந்தால் பால் ஒரு நொடியும் பாலாக இராதே? ஆதலால் ஓடும் குருதியில் த்ராம்பின் இல்லை, அதன் உறங்கும் வடிவமே உள்ளது என்ற முடிவுக்கு ஷ்மிட் வந்தார். குருதிக்குப் பிரை வெளியிலிருந்து வருவதில்லை, அதற்குள்ளேயே துயில்கிறது.

1881-இலும் 1882-இலும் தூரின் நகரின் ஜூலியோ பிட்சொட்செரோ இன்னொரு கதவைத் திறந்தார். உயிருள்ள கினிப்பன்றியின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்து, அதிலுள்ள சிறு நாளத்தைக் காயப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறமற்ற, உட்கருவற்ற சிறு தட்டுகள் காயம்பட்ட சுவரில் வந்து ஒட்டத் தொடங்கின. பிறகே மற்றவை வந்தன. அவருக்கு முன்பு சிலர் இத்தட்டுகளைப் பார்த்ததுண்டு. ஆனால் அவை எதற்காக உள்ளன என்று கண்டவர் இவரே. இரத்தத் தட்டுகள் என்று பள்ளிப் பிள்ளைகளும் இன்று அறிந்துள்ள அவை, ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஒன்றரை இலட்சம் முதல் நான்கரை இலட்சம் வரை மிதக்கின்றன. இதைக் கண்ட கண்கள் பின்னாளில் நோயுற்று நுண்ணோக்கியைப் பயன்படுத்த இயலாதவையாயின. பிட்சொட்செரோ தம் கடைசி ஆண்டுகளைப் பொதுச் சுகாதாரப் பணிக்கு ஒப்படைத்தார்.

1905-இல் ஜெர்மானியரான பவுல் மோராவிட்ஸ் எல்லாவற்றையும் தொகுத்தார். ஃபைப்ரினோஜன், உறங்கும் த்ராம்பின், கால்சியம், காயம்பட்ட திசுவிலிருந்து வரும் தூண்டுபொருள் ஆகிய நான்கும் சேர்ந்தால் குருதி உறையும் என்றார். கணக்கு முடிந்துவிட்டது என்றே நாற்பது ஆண்டுகள் உலகம் நினைத்தது. ஹீமோஃபீலியா நோயாளிகளிடம் இந்த நான்கில் எதுவும் குறைவில்லை என்பது கண்முன்னே இருந்தும், கணக்கைத் திருப்பிப் பார்க்கப் பலர் விரும்பவில்லை. விக்டோரியா அரசியின் மகன் லியோபோல்ட் 1884-இல் இந்நோயால் மறைந்ததும், அரசியின் வழிவந்த உருசிய இளவரசன் அலெக்சேயின் துயரமும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன; அரண்மனைகளை விட்டு நாம் சிறு வீடுகளுக்குச் செல்வோம்.

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளிலிருந்து 1924-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெல்சிங்கி நகருக்கு அழைத்துவரப்பட்டாள். உடன்பிறந்த சகோதரிகள் சிலரைக் குருதிப்பெருக்குக்குப் பறிகொடுத்த குடும்பம் அவளுடையது. பரிசோதித்த மருத்துவர் எரிக் ஃபான் வில்லெபிராண்ட் குழம்பினார். ஹீமோஃபீலியா ஆண்களைத் தாக்குவது, இவளோ பெண். இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது. ஆனால் சிறு கீறலிலும் குருதி நிற்கவில்லை. 1926-இல் அவர் இதனைப் புதிய நோயென்று எழுதினார். அச்சிறுமி 13-ஆம் வயதில், நான்காவது மாதவிலக்கின் பெருக்கு நிற்காமல் இறந்துபோனாள். அவளிடம் இல்லாதது எது என்பது அவள் இறந்து பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அது நீண்ட இழை போன்ற ஒரு புரதம். நாளம் கிழிந்து, சுவருக்கு அடியிலுள்ள கொலாஜன் நார்கள் வெளிப்பட்டதும், இப்புரதம் ஒரு முனையில் அந்நார்களைப் பற்றிக்கொள்ளும். ஓடும் குருதியின் விசையில் சுருள் விரிந்து, விரைந்து கடந்து செல்லும் தட்டுகளைப் பிடித்து நிறுத்தும். வெள்ளத்தில் போகிறவனுக்குக் கரையிலிருந்து வீசிய கயிறு போன்றது. பிட்சொட்செரோ கண்ட முதற் காட்சி, அதாவது தட்டுகள் சுவரில் வந்து ஒட்டுவது, இக்கயிறு இல்லாமல் நிகழாது.

(பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய நற்செய்திப் பெண்ணுக்கும் இந்நோய்தானோ என்று சிலர் வினவுவதுண்டு. இரண்டாயிரம் ஆண்டுத் தொலைவிலிருந்து எவரும் நோய் கணிக்க இயலாது. மருத்துவர்களிடம் அவள் பொருளையெல்லாம் இழந்து மேலும் கேடுற்றாள் என்று மாற்கு வெளிப்படையாகச் சொல்ல, லூக்கா அக்கடுமையைச் சற்றுத் தணித்து எழுதினார் என்பதை மட்டும் புன்னகையோடு குறிப்பிடுவோம்.)

இரண்டாம் உலகப் போரில் நார்வே நாடு ஜெர்மானியர் பிடியிலிருந்த 1943-இல், குழந்தைப் பருவம் முதல் குருதிப்பெருக்கால் துன்புற்ற ஒரு பெண் ஓஸ்லோவில் பவுல் ஓவ்ரன் என்ற மருத்துவரிடம் வந்தாள். மோராவிட்சின் நான்கு பொருள்களும் அவளிடம் இருந்தன. குருதி மட்டும் உறையவில்லை. அப்படியாயின் ஐந்தாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று ஓவ்ரன் துணிந்தார். உரோமை எண்ணில் 'ஐந்தாம் காரணி' என்று அதற்குப் பெயரிட்டார். போர் முடிந்து 1947-இல்தான் பரந்த மருத்துவ உலகம் இதனை அறிந்தது. முடிந்ததாகக் கருதிய கணக்கு, அந்த ஒரு பெண்ணின் உடலில் திறந்துகொண்டது.

அதே ஆண்டுகளில் புவனோஸ் ஐரிஸ் நகரின் அல்ஃபிரெதோ பாவ்லோவ்ஸ்கி விந்தையானதொன்றைக் கண்டார். ஹீமோஃபீலியா நோயாளிகள் இருவரின் குருதி தனித்தனியே உறையவில்லை. இரண்டையும் கலந்தபோது உறைந்தது! ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்கிறது. ஆக ஹீமோஃபீலியா என்று ஒரே பெயரால் வழங்கியது உண்மையில் இரு நோய்கள். 1952-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் குருதியைக் கொண்டு ரோஸ்மேரி பிக்ஸ் முதலானோர் இதனை உறுதிப்படுத்தினர். அச்சிறுவனின் குடும்பப் பெயரால் அதற்குக் 'கிறிஸ்துமஸ் நோய்' என்று பெயரிட்டனர். ஆங்கில மருத்துவ இதழின் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்து இதழிலேயே கட்டுரையும் வெளிவந்தது. அச்சிறுவனிடம் இல்லாதது ஒன்பதாம் காரணி. பரவலான ஹீமோஃபீலியாவில் இல்லாதது எட்டாம் காரணி.

இவ்வாறு எண்கள் பெருகின. பத்தாம் காரணிக்கு ஸ்டூவர்ட், பிரோவர் என்ற இரு நோயாளிகளின் பெயர்கள் சேர்ந்தே வழங்கின. ஆறாம் காரணி என்று முதலில் எண்ணியது தனிப்பொருளன்று எனத் தெரிந்து கைவிடப்பட்டதால், வரிசையில் ஆறு மட்டும் இன்றும் வெற்றிடம். பதின்மூன்றாம் காரணியின் வரலாறு வேறு வகையானது. 1948-இல் கோலோமன் லாக்கியும் லாஸ்லோ லோரண்டும், தூய ஃபைப்ரினோஜனிலிருந்து செய்த கட்டி யூரியா கரைசலில் கரைந்துவிடுவதையும், பிளாஸ்மாவிலிருந்து இயல்பாக உண்டான கட்டி கரையாதிருப்பதையும் கண்டனர். இழைகளை ஒன்றோடொன்று முடிச்சிடும் ஏதோ ஒன்று பிளாஸ்மாவில் இருக்கிறது. 1960-இல், காயங்கள் சரிவர ஆறாத ஒரு சிறுவனிடம் அதுவே இல்லை என்று சுவிட்சர்லாந்தில் கண்டறிந்தனர். அக்காரணி இல்லாத குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழும் இடத்தில் குருதி கசியும். கட்டி உண்டாகும், ஆனால் நிலைக்காது, முடிச்சிடாத வலை அவிழ்ந்துவிடும்.

இவர்கள் எல்லாரினும் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பவர் ஜான் ஹேகமன். அமெரிக்க இரயில்வேயில் பிரேக்மேனாகப் பணியாற்றியவர். 1950-களில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் வழக்கமாகச் செய்யும் சோதனையில், கண்ணாடிக் குழாயில் எடுத்த அவருடைய குருதி உறையவே மறுத்தது. மருத்துவர்கள் திகைத்தனர். ஆனால் ஹேகமனோ வாழ்நாளில் மிகுதியாகக் குருதி சிந்தியவரே அல்லர்! கிளீவ்லாந்தில் ஆஸ்கர் ராட்னாஃப் 1955-இல் இதனை விளக்கினார்: கண்ணாடியின் பரப்பைத் தொட்டதும் விழித்தெழும் ஒரு காரணி, அதாவது பன்னிரண்டாம் காரணி, அவரிடம் இல்லை. அது இல்லாமலும் காயத்தில் குருதி நன்றாகவே உறைகிறது. சோதனைக் குழாயில் நாம் காண்பது வேறு, காயத்தில் நிகழ்வது வேறு என்பதை அவர் உடல் கற்பித்தது. 1968-இல் எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றுவந்த அவர் இறந்துபோனார். இறப்புக்குக் காரணம், நுரையீரல் நாளத்தில் அடைத்துக்கொண்ட குருதிக் கட்டி. குழாயில் உறையாத குருதியை உடையவர், உடலில் உறைந்த குருதியாலேயே மாண்டார்.

ராட்னாஃபும் ஏர்ல் டேவியும் அமெரிக்காவிலும், மக்ஃபார்லேன் இங்கிலாந்திலுமாக 1964-இல் ஒரே சமயத்தில் ஒரே முடிவை வெளியிட்டனர். ஒரு காரணி விழித்து அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, அருவிபோல் இறங்கி த்ராம்பினில் முடிகிறது என்பதே அது. நமக்குப் பாஸ்கா இரவுத் திருவழிபாடு நினைவுக்கு வருகிறது: ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு ஏறும் சுடர் சற்று நேரத்தில் ஆலயத்தையே நிறைத்துவிடும்.

இன்று நாம் அறிந்தவற்றைக் கொண்டு காயத்தருகே ஒருமுறை நின்று பார்ப்போம். நாளம் கிழிந்ததும் முதலில் அது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. ஆலந்துச் சிறுமியிடம் இல்லாதிருந்த கயிறு, தட்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது. ஒட்டிய தட்டுகள் வடிவம் மாறிக் கைகால்களை நீட்டி, மற்றத் தட்டுகளையும் அழைக்கின்றன. அதே வேளையில், நாளத்துக்கு வெளியே திசுக்களில் மட்டும் உள்ள ஒரு புரதத்தைக் குருதி சந்திக்கிறது. நலமான நாளத்திற்குள் ஓடும்வரை குருதி அதனைச் சந்திப்பதே இல்லை. அச்சந்திப்பே அருவியின் தொடக்கம். ஐந்தும் எட்டும் ஒன்பதும் பத்தும் தட்டுகளின் பரப்பில் கூடி த்ராம்பினை எழுப்புகின்றன. ஃபைப்ரினோஜன் மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் 45 பங்கு நீளமுள்ளது. நடுவிலும் இரு முனைகளிலும் முடிச்சுடைய சிறு கோல் போன்றது. த்ராம்பின் அதன் நடுவிலுள்ள சிறு துணுக்குகளைக் கொய்துவிட, கோல்கள் செங்கல் கட்டுவதுபோல் ஒன்றின் நடுவில் மற்றொன்றின் முனை வரும்படி அடுக்குண்டு இழையாகின்றன. இழைகள் திரண்டு கிளைவிட்டு வலையாகின்றன. பதின்மூன்றாம் காரணி அவற்றை முடிச்சிடுகிறது.

அதோடு முடியவில்லை. தட்டுகள் வலையைப் பிடித்து உள்நோக்கி இழுக்கக் கட்டி சுருங்குகிறது. 2014-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இவ்வாறு சுருங்கிய கட்டியின் உள்ளே மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தனர். நடுவில் குழிந்த வட்டமாக நாம் பாடநூலில் வரையும் சிவப்பணுக்கள், நெருக்குண்டு பல பட்டைகள் கொண்ட கற்களாக மாறி, இடைவெளியே இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. கட்டிக்கு உறுதியான அடைப்பைத் தருவது அந்த அடுக்கு. மல்பீகி இழைகளைக் காண்பதற்காக அழுக்கெனக் கழுவித் தள்ளிய சிவப்பும் கட்டுமானத்தின் ஒரு பகுதிதான் என்று 348 ஆண்டுகளுக்குப் பின்னர் தெரியவந்தது. காயம் ஆறியபின் பிளாஸ்மின் என்ற வேறொரு பொருள் அவ்வலையை மெல்ல அறுத்துக் கரைத்துவிடுகிறது. கட்டியைக் காயத்தின் எல்லைக்குள் அடக்கி வைக்கும் காவற்பொருள்களும் குருதியிலேயே உள்ளன. அவை குறைந்தோரை ஹேகமனுக்கு வந்த முடிவே அச்சுறுத்துகிறது.

இத்துணை அறிவையும் தந்த மனிதர்களுக்கு உலகம் என்ன திருப்பித் தந்தது? தொடக்கத்தில் நல்லதே தந்தது. 1960-களில் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் அறிவியலார், உறைகுளிரில் வைத்த பிளாஸ்மா மெல்ல உருகும்போது அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி மிகுந்திருப்பதைக் கண்டு, எளிய மருத்துவத்திற்கு வழிசெய்தார். பின்னர் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, காரணியைப் பொடியாகப் பிரித்து விற்கும் முறை வந்தது. நோயாளிகள் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு, முதன்முறையாகப் பள்ளிக்கும் பணிக்கும் அச்சமின்றிச் சென்றனர். அந்தப் பொடியில்தான் எய்ட்ஸ் கிருமியும் கல்லீரல் அழற்சிக் கிருமியும் கலந்திருந்தன. கலந்த ஆயிரம் பேரில் ஒருவரிடம் நோய் இருந்தாலும் போதுமே. ஐக்கிய இராச்சியத்தில் நடந்த பொது விசாரணை 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டில் மட்டும் மாசுற்ற குருதியாலும் குருதிப் பொருள்களாலும் 30,000-க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர் என்றும் கூறியது. இதில் பெருமளவு தவிர்த்திருக்கக் கூடியது என்றும், உண்மை மறைக்கப்பட்டது என்றும் அவ்வறிக்கை தயங்காமல் எழுதியது. ஒன்பதாம் காரணிக்குத் தம் பெயரைத் தந்த ஸ்டீஃபன் கிறிஸ்துமசும் ஏற்றிய குருதியின் வழியாக எய்ட்ஸ் கிருமி தொற்றி, பாதுகாப்பான குருதிக்காக வாதாடியபடியே 1993-இல் 46-ஆம் வயதில் இறந்தார். இதனை எழுதும்போது நம் பேனா சற்று நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் பங்குத்தளத்தில் ஒரு வீடு உண்டு. மகனுக்கு எட்டாம் காரணி இல்லை. முழங்கால் மூட்டுக்குள் குருதி கசிந்து வீங்கிப் பல நாள்கள் படுத்திருப்பான். நற்கருணை கொண்டு நாம் சென்ற நாளொன்றில் அவனுடைய தாய் வாசலிலேயே நின்று அழுதார். நோய் தாய்வழி வருவது என்று மருத்துவர் சொன்னதை உறவினர்கள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, 'உன் பாவம் பிள்ளையின் காலில் நிற்கிறது' என்று பேசினார்களாம். பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்ட கேள்விக்கு (யோவான் 9) ஆண்டவர் தந்த மறுப்பு நம் ஊர்த் தெருக்களை இன்னும் வந்தடையவில்லை. இந்நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் அதற்குமுன் எவருக்கும் அது இருந்ததில்லை என்பதை அவருக்கு விளக்கினோம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபீலியா உடைய ஐவருக்கு, அவர்களுடைய சொந்தக் குருதி மூல அணுக்களிலேயே எட்டாம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியதையும், அதன்பின் கண்காணித்த காலத்தில் அவர்களுக்குக் குருதிப்பெருக்கு ஏற்படவில்லை என 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியானதையும் சொன்னோம். அது எல்லாருக்கும் எட்ட எத்தனை காலமாகுமோ, இருந்தாலும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் மாற்றமில்லை.

பிறகு செப்போரிஸ் ஊரின் நான்கு சகோதரிகளின் கதையைச் சொன்னோம். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த நாலாவது பிள்ளை பிழைச்சுதா சாமி?" என்று கேட்டார்.

வீடு திரும்பி நூலைப் புரட்டினோம். தாயின் பெயரும் இல்லை, குழந்தையின் பெயரும் இல்லை. விருத்தசேதனம் செய்ய வேண்டாம் என்ற தீர்ப்போடு அந்நிகழ்ச்சி நின்றுவிடுகிறது.